வண்ணமும் புள்ளியும்

எழுத்து எப்பொருளின்மீது ஏறுகிறதோ அப்பொருளுக்காகத் தன்னில் சிறிதை விட்டுக்கொடுத்தே வந்துள்ளது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்திருந்தும், ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபின் தமிழ் எழுத்து மெல்ல மெல்ல அச்சுக்குப் பழகியது. இன்றோ அது கணினித் திரையின் ஒளியில் பிறந்து, தாளின் மையில் குடியேறுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியில் எழுத்தையும் வண்ணத்தையும் இழப்பின்றிக் கொண்டுசேர்ப்பது எவ்வாறு என்பதையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மலர் ஒன்றில், பரிசு பெற்றோர் பட்டியலில் மாணவி ஒருத்தியின் பெயரைக் கண்டோம். 'ஹ' நிற்கவேண்டிய இடத்தில் வெறுங்கட்டம் நின்றது. வடிவமைத்தவர் எழுத்துருவைக் கோப்பினுள் பதிக்காமல் அனுப்பியிருந்தார். அச்சகத்துக் கணினி, தன்னிடமிருந்த வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பிக்கொண்டது. அதில் கிரந்த எழுத்துகள் இல்லை. படிகள் அனைத்தும் அச்சாகிவிட்டன. அம்மாணவியின் தந்தையார் வந்து, பாட்டியிடம் காட்டவேண்டும் என்று இரண்டு படிகள் கேட்டு வாங்கினார். அப்பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சென்றார். ஜ, ஷ, ஸ, ஹ இல்லாத பெயர்ப் பட்டியல் எம் வீடுகளில் ஏது? எழுத்துரு என்பது அழகுப் பொருள் அன்று. ஒருவருடைய பெயரைத் தாங்கும் கலம் என்பதனை அன்று கண்டோம்.

அதுமுதல் எம் துறையில் ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளோம். அச்சுக்குச் செல்லும் கோப்பு பி.டி.எஃப் வடிவில், எழுத்துரு அனைத்தும் உட்பதிக்கப்பெற்றதாக இருத்தல் வேண்டும். அல்லது அட்டையிலுள்ள எழுத்துகளேனும் வெறுங்கோட்டுருவாக மாற்றப்படவேண்டும். கோட்டுருவாக மாற்றியபின் பிழை திருத்த இயலாதாகையால், திருத்தக்கூடிய மூலக் கோப்பொன்றைத் தனியே காத்தல் வேண்டும். ஒருங்குறியில் கொம்பு, மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னே காட்டுவது மென்பொருளின் கடமை. தமிழை அடுக்கத் தெரியாத மென்பொருளில் 'கொடி' என்பதன் கொம்பு இடம்மாறி நிற்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றபின்னரும், பழைய குறியீட்டு எழுத்துருக்கள் வடிவமைப்பாளர் பலரிடம் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய உரையை எழுத்தெழுத்தாகப் படித்தே தீரவேண்டும்.

வண்ணத்தின் கதை வேறு. இவ்வாண்டு மலரின் அட்டைக்குச் சேர்வராயன் மலையே வேண்டும் என்றனர் மாணவர். குப்பனூர் வழியாக ஏற்காட்டிற்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் நின்று, விடியற்பொழுதில் ஒரு மாணவர் படமெடுத்து வந்தார். மேலே மூடுபனி, நடுவே ஒளிரும் பச்சை, கீழே செம்மண். திரையில் கண்டோர் வியந்தனர். அச்சு வண்ணத்திற்கு மாற்றியதும் பச்சை மங்கியது. "மலையின் உயிரே போய்விட்டதே ஐயா!" என்றார் படமெடுத்தவர்.

உயிர் போகவில்லை, ஒளிதான் மையாயிற்று. திரை, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியைக் கூட்டி வண்ணம் காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் வெள்ளொளியின் ஒரு பகுதியை விழுங்கச் செய்து வண்ணம் காட்டுகிறது. முன்னது கூட்டல், பின்னது கழித்தல். ஆதலின் திரையின் ஒளிர்பச்சை மைக்கு எட்டாது. மாற்றத்தை அச்சகத்தின் கைக்கு விடாமல், நாமே முன்கூட்டி மாற்றி, எட்டும் பச்சைக்குள் மலையின் ஆழத்தைச் சீர்செய்துகொள்ளுதல் நலம். மூடுபனி, தாளில் மிகச் சிறிய புள்ளிகளால் மட்டுமே உருவாவது; அப்புள்ளிகள் அழிந்தால் பனி வெறுந்தாளாகும். வண்ணப் படம் முழுவதுமே புள்ளிகளின் கூட்டம் அன்றோ!

இவ்விடத்தில் எழுத்தின் புள்ளியும் மீண்டும் இடருறுகிறது. மலரின் தலைப்பைப் பச்சையின்மீது சிறிய வெள்ளெழுத்தாக அமைக்கலாம் என்றார் வடிவமைப்பாளர். நான்கு மைகளும் நான்கு தகடுகளிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒன்று மயிரிழை விலகினாலும் வெள்ளெழுத்தின் சுழி அடைபடும், புள்ளி மறையும், 'கல்வி', 'கலவி' ஆகும்! ஒரு கல்லூரி மலருக்கு இதனினும் பெரிய இழுக்கு உண்டோ? எனவே தலைப்பைப் பெருக்கித் தடித்த எழுத்தில் அமைத்தோம். உட்பக்க உரையைக் கறுப்பு மை ஒன்றினால் மட்டுமே அச்சிடச் செய்தோம். நான்கு மை கலந்த கறுப்பு சிற்றெழுத்துக்கு ஆகாது.

எஞ்சியவை கணக்குகள். படம் அச்சாகும் அளவில் அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வேண்டும். அகலம் 2400 படப்புள்ளி கொண்ட படம் 8 அங்குலத்திற்கே போதும். கைப்பேசிச் செய்தி வழியாகச் சுருங்கி வந்த படம் இதற்கு உதவாது. பக்க விளிம்புவரை செல்லும் வண்ணத்தை வெட்டுக்கோட்டிற்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டவேண்டும். இன்றேல் வெட்டும்போது வெள்ளைக் கீற்றுத் தோன்றும். அட்டைக்குரிய தாளிலேயே ஒரு மாதிரிப்படி கேட்டுப் பார்த்தபின்னரே ஒப்பமிடவேண்டும். தீப்பெட்டிச் சீட்டும் நாட்காட்டியும் அச்சிட்டுப் புகழ்பெற்ற சிவகாசியாயினும், நம் ஊர்ச் சிற்றச்சகமாயினும், நாம் கொடுத்ததையே அவர்கள் திருப்பித்தர இயலும்.

1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் காலத்தில் ஒளித்திரை இல்லை. ஆயினும் ஒவ்வோர் எழுத்தையும் நோக்கும் கண் இருந்தது. மாணவச் செல்வங்களே! கருவிகள் மாறும். பிறர் பெயரும் பிறர் சொல்லும் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அனுப்புமுன் ஒருமுறை புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.