ஏழு மணிக்குப் பிறகு

பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, பஸ்ஸின் இடது பக்க இருக்கைகள் நீங்கலாக. பல வருஷங்களுக்கு முன் ஒரு நண்பர் பெண் கவிஞர்கள் தொகுப்பொன்று கொண்டுவர முனைந்து என்னிடம் நாலு கவிதை கேட்டார். தர மறுத்தேன். ஆண் கவிஞர்கள் தொகுப்பு என்று ஒன்று வந்தால் அதற்கும் தரமாட்டேன் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தைப் பற்றி வெகுநாள் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் அதில் பாதி சாமர்த்தியம்தான். ஆண் கவிஞர்கள் தொகுப்பு என்று அட்டையில் போடாமலே அவை வந்துகொண்டிருந்தன.

ஆகவே, இரண்டு வருஷம் முன்பு, பிரிட்டனில் இருக்கும் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பத்தை என்னோடு வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொண்டுவந்து வைத்தபோது நான் சிரித்தேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி எந்தச் சங்கம் எனக்கு என்ன செய்துவிடும்? அவள் விடவில்லை. “லலிதாம்மாவே மெம்பரா இருந்திருக்காங்க மேடம்” என்றாள்.

லலிதாவைப் பற்றித் தெரியும். முழுப்பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. சென்னையில் குடியிருந்த தெலுங்குக் குடும்பம். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அச்சடித்த பட்டச் சான்றிதழில் இருந்த ஆங்கில ‘அவன்’ என்ற சொல்லை அடித்து ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது மொழியில் அக்கறையுள்ளவர்கள் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன்: தமிழில் அச்சடித்திருந்தால் ‘அவர்’ என்று போட்டிருப்பார்கள், அடிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. மரியாதையான சொல். ஆனால் அந்த அடித்தல் ஒரு சாட்சியம். ‘அவர்’ என்பதில் யாரும் நுழைந்த தடயமில்லை. என் அலுவலகக் கோப்புகளில் முப்பது வருஷம் நான் ‘அவர்’ஆக இருந்தேன், அதில் ஒரு பெண் இருந்தாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது லலிதா போயிருந்தார். இந்தியாவில் அப்படியொரு அமைப்பு அப்போது இல்லாததால் யாருடைய பிரதிநிதியாகவும் அல்ல, தனியாளாக. மறுவருஷம் லண்டன் சங்கத்தில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார் என்பது எனக்குப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயமாயிற்று. கல்கத்தாவில் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனியில் நிலைத்த வேலை. பக்ரா நங்கல் அணைக்கான பணிகளில் பங்கு. அவருக்கு என்ன குறை?

சங்கத்தின் கதையைத் தேடிப் படித்தேன். முதல் உலகப்போரில் ஆண்கள் சண்டைக்குப் போக, லேத்திலும் குண்டுத் தொழிற்சாலையிலும் பெண்கள் நின்றார்கள். போர் முடிந்தது. பழைய வழக்கங்களை மீட்பதற்கென்றே 1919இல் சட்டம் போட்டு அவர்களை வெளியே அனுப்பினார்கள். அதே வருஷம் ஜூன் 23ஆம் தேதி ஏழு பெண்கள் இந்தச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். காதரின் பார்சன்ஸ் நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவரின் மனைவி. ரேச்சல் பார்சன்ஸ் அவர் மகள். எலினார் ஷெல்லி-ரோல்ஸ், ரோல்ஸ் ராய்ஸில் வரும் அந்த ரோல்ஸின் சகோதரி. மார்கரெட் மாய்ரின் கணவரும் பெரிய பொறியாளர். லலிதாவின் தந்தையும் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர்தான். கதவு தட்டியதால் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கதவு இருந்திருக்கிறது. என் அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதியவர். ஏழு பேரில் எனக்குப் பிடித்தது லாரா ஆனி வில்சன். பத்து வயதில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் நூல் ஆலை. பிறகு வாக்குரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர். அவருக்கும் பின்னால் இயந்திரப் பட்டறை வைத்திருந்த கணவர் வாய்த்தார் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம்.

இவையெல்லாம் எனக்கு ஒரு சமாதானத்தைத் தந்தன: மேட்டுக்குடிச் சீமாட்டிகளின் சங்கம், நமக்கென்ன. விண்ணப்பத்தை மேஜையிலேயே போட்டு வைத்தேன். அதில் செய்த வேலையை எழுதச் சொல்லியிருந்த இடத்தை நிரப்பப் போய்த்தான் சிக்கிக்கொண்டேன்.

1986. டிரான்ஸ்பார்மர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டிசைன் பிரிவு. நானே முழுக்கக் கணக்குப் போட்ட முதல் டிரான்ஸ்பார்மர் வெப்பப் பரிசோதனைக்கு வந்தது. பொறியியல் அறியாத வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கச் சுருளைக் குறுக்கே இணைத்துவிட்டு, மறுபக்கம் மின்சாரம் கொடுத்து, அது வேலை செய்யும்போது எவ்வளவு சூடாகுமோ அவ்வளவுக்குச் சூடேற்றுவார்கள். உள்ளே நிறைந்திருக்கும் எண்ணெயின் வெப்பம் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அநேகமாக ஒரு இரவு முழுக்க ஆகும். கடைசியில் மின்சாரத்தை நிறுத்திய மறுகணம் சுருளின் மின்தடையை அளப்பார்கள். தாமிரம் சூட்டை மறைக்காது, மின்தடையில் காட்டிவிடும். ஆனால் நிறுத்திய உடனே ஆறத் தொடங்கிவிடுகிறது. முதல் அளவு எடுப்பதற்குள் ஓரிரு நிமிஷம் போய்விடும். அதனால் வரிசையாக அளந்து, வரைதாளில் புள்ளியிட்டு, கோட்டைப் பின்னோக்கி இழுத்து, நிறுத்திய கணத்தில் என்ன இருந்திருக்கும் என்று கணிக்க வேண்டும்.

இருக்கிறேன் என்றேன். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், 66ஆம் பிரிவு: மாலை ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை தொழிற்சாலைக்குள் பெண் வேலை செய்யக்கூடாது. மேலதிகாரி புத்தகத்தை எடுத்தே காட்டினார். நல்ல மனிதர். “நீ வீட்டுக்குப் போம்மா, பசங்க பாத்துப்பாங்க.” நான் சட்டம் சொல்லும் தொழிலாளியா, இல்லை டிசைன் செய்யும் அதிகாரியா என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதே கேள்வியை 1932இல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் விசாரித்திருக்கிறது என்று இப்போதுதான் படித்தேன். பெண்களின் இரவு வேலையைத் தடுத்த 1919ஆம் வருஷ உடன்படிக்கை மேற்பார்வை செய்யும் பெண்களையும் கட்டுமா? கட்டும் என்றது நீதிமன்றம், ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில். 1934இல் உடன்படிக்கையையே திருத்தி அவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நம் 66ஆம் பிரிவு செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2000 டிசம்பரில். அந்த டிரான்ஸ்பார்மருக்கு அப்போது பதினான்கு வயது.

மறுநாள் காலை கேட்டில் நுழையும்போதே ஃபோர்மேன் சொன்னார்: “பாஸ் ஆகல மேடம்.” ஐம்பத்தைந்து டிகிரி ஏற்றம் அனுமதி. ஐம்பத்தெட்டு வந்திருந்தது. அளவெடுத்ததில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன். அந்தப் பையனின் புள்ளிகளை வாங்கி நானே மறுபடி வரைந்தேன். ஒழுங்கான வளைகோடு, குறை சொல்ல ஏதுமில்லை. தவறு என்னுடையது. சுருள்களுக்கிடையில் எண்ணெய் ஏறிப்போவதற்கு நான் விட்டிருந்த இடைவெளி போதவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, ரேடியேட்டரைக் கூட்டினால் எண்ணெயின் சூடு எவ்வளவு இறங்கும், அதோடு சுருள் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அப்படியே செய்தார்கள். இரண்டாம் முறை தேறியது. அதுவும் இரவில்தான்.

வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் என் பெயர் இல்லை. டிராயிங்கில் ஏற்பட்ட சிறு பிழை, திருத்தப்பட்டது என்று இருந்தது. கையெழுத்து மேலதிகாரியுடையது, இரவில் அளவெடுத்த பையனுடையது. ஏன் என்று கேட்டேன். “உன் பேர் கெட வேண்டாம்னுதாம்மா. ஆம்பளைப் பசங்கன்னா அடுத்ததுல பாத்துக்கலாம். உனக்குன்னா இதையே சொல்லிட்டிருப்பாங்க.” அவர் சொன்னது உண்மை. அந்தக் கருணைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எத்தனையோ டிரான்ஸ்பார்மர். எல்லாவற்றிலும் இடைவெளியைத் தேவைக்குமேல் விட்டேன். தாமிரமும் எண்ணெயும் கூடுதலாக விழுங்கிய, பயந்தவளின் டிசைன்கள். ஒன்றுகூடத் தோற்கவில்லை.

நான் கவிதையில் அப்படி எழுதியிருந்தால் இந்தப் பத்திரிகைக்காரர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

விண்ணப்பத்தின் அந்த இடத்தில் தேறியவற்றின் பட்டியலைத்தான் முதலில் எழுதினேன். பார்க்கச் சகிக்கவில்லை. வேறு தாள் எடுத்தேன். 1986ஆம் வருஷத்து டிரான்ஸ்பார்மர், அனுமதித்ததைவிட மூன்று டிகிரி அதிகம், காரணம் எண்ணெய் இடைவெளி, கணக்கு என்னுடையது, திருத்தமும் என்னுடையது என்று எழுதினேன். பரிசோதனையின்போது நான் உடனிருக்கவில்லை என்பதையும் சேர்த்தேன். இதை ஒரு பெண்கள் சங்கத்தில்தான் சொல்ல முடியும் என்றில்லை. ஆனால் வேறெங்கே சொன்னாலும் அது பெண்ணின் கணக்கு ஆகிவிடும். இங்கே எல்லோரும் பெண்களாக இருப்பதால் வெறும் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். லலிதாவும் இதற்காகச் சேர்ந்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

அந்தப் பெண் படித்துப் பார்த்தாள். “ஃபெயிலியரைப் போய் யாராவது அப்ளிகேஷன்ல எழுதுவாங்களா மேடம்? அடிச்சிடுங்க” என்றாள். அடிக்கவில்லை. கவரில் போட்டு, ஒட்டி, அவளிடமே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.