எதற்கு மன்னிப்பு?

2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாடு முழுக்க அது செய்தியானது. அதே கோடையில் தென் மாவட்டத்து ஊராட்சிகள் பலவற்றில் குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகியிருந்தது. அது செய்தியாகவில்லை. மனு கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஊராட்சித் தலைவரே கிடையாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. காலிக்குடத்தோடு மெயின் ரோட்டில் போய் உட்காருவதைத் தவிர அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

அப்படி உட்கார்ந்த ஓர் ஊரின் வழக்கு இது. அந்த மனிதர்கள் இன்னும் அதே ஊரில், அதே காவல் நிலைய எல்லைக்குள்தான் வாழ்கிறார்கள். அதனால் பெயர் எதுவும் சொல்லவில்லை.

காலை எட்டரை மணிக்கு மறியல் தொடங்கியது. பெரும்பாலும் பெண்கள். சாலையின் ஒரு ஓரத்தை ஆம்புலன்சுக்காக விட்டுவிட்டு, குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தாசில்தார் வந்து பேசுவார் என்று சொன்னார்கள். அவர் வந்து சேரவில்லை. போலீஸ் வேன்தான் வந்தது. சட்டவிரோதக் கூட்டமாகவே இருந்தாலும் முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு. அந்த எச்சரிக்கையைக் கேட்டதாக அங்கே இருந்த ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. எதிரே இருந்த கடை மாடியிலிருந்து யாரோ எடுத்த வீடியோ இருக்கிறது. ஒரு பெண் குடத்தை இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். லத்தி அவருடைய இடது முன்கையில் விழுகிறது. குடம் உருண்டு போகிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று மதியம், டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர் அந்த வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டார். உட்கார்ந்திருந்த பெண்களை அடித்தார்கள் என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. அதிகாரியின் தாயை இழுத்து ஒரு வசவையும் சேர்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது. இரவு பதினோரு மணிக்கு அவரை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

இரண்டு எஃப்.ஐ.ஆர்.கள். மறியல் செய்தவர்கள் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகள். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 188-வது பிரிவுக்குக் காவல்துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பைக் காட்டி அந்த வழக்கு பிறகு ரத்தானது. என் மனதைவிட்டுப் போகாதது இரண்டாவது எஃப்.ஐ.ஆர்.தான். அது அந்த இளைஞர் ஒருவர்மேல் மட்டும்: 294(b), 504, 505(1)(b). கடைசியாகச் சொன்னது ஜாமீனில் விட முடியாத பிரிவு. பொது அமைதிக்கு எதிராகக் குற்றம் செய்யும்படி மக்களைத் தூண்டக்கூடிய பேச்சுக்கு உரியது.

வசவைத் தூண்டுதல் என்று சொல்ல முடியாது என்பது போலீசுக்கும் தெரியும். அதனால் வேறொன்றையும் சேர்த்திருந்தார்கள். மறியலுக்கு முந்தைய இரவு ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதிய ஒரு வரி: “அடிச்சா திருப்பி அடிக்கணும்.” கலவரத்துக்கு முன்கூட்டியே திட்டமிட்டார் என்பதற்கு அதுதான் சாட்சியமாம்.

கைதான மறுநாள் காலை அவருடைய அம்மாவும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அம்மா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “எம்புள்ள யாரையும் கை நீட்டல ஐயா.” ஆசிரியர் வேறு மாதிரி ஆரம்பித்தார். “அவன் எழுதினது தப்பு, வக்கீல் சார். அந்த வார்த்தைய நான் ஒருநாளும் ஒத்துக்க மாட்டேன். ஆனா அதுக்காக ராத்திரி வந்து பிடிச்சுட்டுப் போறதா?”

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் 41A நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. இந்த வழக்கில் அதிகபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுதான். ரிமாண்டின்போது அந்த வாதத்தை வைத்தேன். எடுபடவில்லை. பையன் கிளைச் சிறைக்குப் போனார்.

ரிமாண்ட் தாள்களோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டின் பிரின்ட் இருந்தது. ஏ4 தாள், கறுப்பு வெள்ளை. நடுவில் அந்த ஒரே செய்தி. நேரம் தெரியவில்லை. மின்னணு ஆவணத்துக்கு வேண்டிய 65B சான்றிதழும் இல்லை. அதை எந்த இளம் வழக்கறிஞரும் கண்டுபிடித்துவிடுவார். என் கண்ணில் பட்டது தாளின் மேல் விளிம்பு. அங்கே ஒரு வரி எழுத்துகளின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் ஒருவருக்குப் பதில் எழுதினால், அவர் கேட்டது மேலே ஒரு சிறு கட்டத்தில் வரும். அந்தக் கட்டத்தின் நடுவே வெட்டியிருந்தார்கள். ஆக, இவர் யாருக்கோ பதில் சொல்லியிருக்கிறார். யாருக்கு, எதற்கு?

ஆசிரியரிடம் கேட்டேன். அவர் தன் போனை எடுத்து அந்த இரவின் உரையாடல் முழுவதையும் காட்டினார்.

கேள்வியைக் கேட்டது மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண். “நாளைக்குப் போலீஸ் அடிச்சா என்ன பண்றது?” அதற்குத்தான் இந்தப் பதில். அடுத்த வரியும் அந்த இளைஞருடையதே: “தூத்துக்குடி மாதிரி சும்மா சாகச் சொல்றீங்களா?” 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு லத்தி என்றாலே துப்பாக்கி நினைவுக்கு வந்த காலம். அதற்கு ஆசிரியர் எழுதியது: “ஒருத்தன் கல்ல எடுத்தாலும் நாளைக்குப் பேப்பர்ல தண்ணி வராது, கல்லுதான் வரும். அடிச்சா உட்கார்ந்தபடியே இருப்போம். ஆம்புலன்ஸ் வந்தா வழி விடுவோம். இதுக்கு ஒத்துக்கிறவங்க மட்டும் வாங்க.”

அதன் பிறகு சண்டைதான். வழிவிட்டால் எவன் மதிப்பான் என்று ஒருவர். பஸ்ஸில் போகிற கூலிக்காரன் நமக்கு என்ன பாவம் செய்தான், கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம் என்று இன்னொருவர். அங்கே போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பெண். பென்ஷன் போய்விடும் என்று வாத்தியார் பயப்படுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசிரியர் அதற்குக் கோபப்படவும் இல்லை, குழுவைவிட்டு விலகவும் இல்லை. நள்ளிரவு தாண்டி அந்த இளைஞர் எழுதிய கடைசிச் செய்தி: “சரி சார். உட்கார்ந்தே இருப்போம்.”

மறுநாள் அவர் உட்கார்ந்தேதான் இருந்தார். வீடியோவில் அவரும் தெரிகிறார். எந்த இடத்திலும் அவர் கை உயரவில்லை.

அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு வந்தபோது அரசு வழக்கறிஞர் ஒரு யோசனை சொன்னார். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் கடுமையாக ஆட்சேபிக்க மாட்டோம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வசவைப் படித்த அதிகாரிக்கும் ஒரு தாய் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். காவல் நிலையத்துக்கு எங்கெங்கிருந்தோ போன் செய்து திட்டினார்கள் என்றும் சொன்னார், நடந்திருக்கும். அம்மா உடனே ஒத்துக்கொண்டார். பிள்ளை வெளியே வந்தால் போதும் அவருக்கு.

கிளைச் சிறையில் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார்: “கெட்ட வார்த்தைக்கு மன்னிப்புக் கேக்குறேன் சார். அவங்க அம்மா என்ன பண்ணாங்க. ஆனா ‘பொய்யான தகவலைப் பரப்பியதற்கு’னு போட்டிருக்கே. அக்காவ அடிச்சத நான் பாத்தேன். அதுக்கு எப்படி மன்னிப்புக் கேப்பேன்?”

அந்தக் கடிதத்தை நானும் படித்திருந்தேன். சடங்குக்கு எழுதும் வாசகம் என்று அந்த இடத்தைத் தாண்டிப் போவது எங்கள் தொழிலில் சாதாரணம். அவர் தாண்டவில்லை. வசவு வேறு, குற்றச்சாட்டு வேறு என்று சட்டம் படிக்காத அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாகரிகமாகப் பேசு என்று சொல்லும் குரல், பல சமயம் பேசாதே என்ற கட்டளையையும் தன்னோடு கொண்டுவருகிறது. முதலாவதை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். இரண்டாவதை ஏற்றுக்கொண்டால் அந்தப் பெண்ணின் கையில் விழுந்த அடியே நடக்காததாகிவிடும். பிரமாணப் பத்திரத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்தோம். நீதிபதி படித்துவிட்டு, வேறு வாசகம் கேட்காமல் ஜாமீன் கொடுத்தார்.

எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் மனு 2021-ல் மதுரைக் கிளையில் விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆவணங்களை அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் சாதாரணமாகப் பார்க்காது. அதனால் ஆசிரியரின் போனை நான் நம்பியிருக்கவில்லை. மனுதாரரின் போன் போலீஸ் கையில் இருக்கிறது, அதிலேயே முழு உரையாடலும் இருக்கிறது, அரசே அதைக் காட்டட்டும் என்றேன். நீதிபதி அந்த ஏ4 தாளைக் கையில் எடுத்தார். மேல் விளிம்பில் விரலை வைத்து, “இதற்கு மேலே என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அரசுத் தரப்பு வாய்தா வாங்கியது. அடுத்த முறை முழுப் பகுதியும் வந்தது. நீதிபதி அதை அமைதியாகக் கடைசிவரை படித்தார். “சரி சார்” என்ற வரியை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

என் வாதத்துக்கு அடித்தளம் ஸ்ரேயா சிங்கால் வழக்கு. 2015 மார்ச் 24-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66A பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பு அது. விவாதிப்பது, ஒன்றை ஆதரித்து வாதாடுவது, தூண்டுவது என்று மூன்றைப் பிரித்து, முதல் இரண்டும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் பேச்சுரிமைக்குள்தான் அடங்கும் என்றது. திருப்பி அடிக்கலாமா, உட்கார்ந்திருக்கலாமா என்று ஊர் கூடிப் பேசுவது விவாதம். அந்த விவாதம் நடந்ததால்தான் மறுநாள் ஒரு கல்கூட எறியப்படவில்லை. சூடான தலைகளும் நிதானமான தலைகளும் ஒரே இடத்தில் பேசிக்கொள்ளும்வரைதான் ஆசிரியரைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கும். பேசியதற்கே கைது என்றால் அந்தக் குழு கலைந்துவிடும். கலைந்தபின் நிதானமானவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள்; கோபக்காரர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்வார்கள். காவல்துறைக்கே அது ஆபத்து என்று நீதிமன்றத்தில் சொன்னேன். அப்போது எவ்வளவு நம்பிச் சொன்னேனோ, அதே நம்பிக்கையோடு இன்றும் சொல்வேன்.

ஃபேஸ்புக் பதிவுக்கு 505-வது பிரிவிலேயே பதில் இருந்தது. உண்மை என்று நம்பத் தகுந்த காரணத்தோடு, நல்லெண்ணத்தில் வெளியிட்டால் குற்றமில்லை என்று அந்தப் பிரிவே விலக்குத் தருகிறது. அடிபட்ட பெண் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். போலீஸ் லத்தியால் அடிபட்டதாக அங்கே சொல்லி, அது விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியில் பதிவாகியிருந்தது. இடது முன்கையில் வீக்கம் என்று மருத்துவர் எழுதியிருந்தார்.

எஃப்.ஐ.ஆர். ரத்தானது. அந்த வசவு கண்டிக்கத்தக்கது, அதற்கு வருத்தமும் தெரிவிக்கப்பட்டுவிட்டது, ஆனால் வழக்கில் சேர்த்த எந்தப் பிரிவிலும் அது அடங்கவில்லை என்று உத்தரவில் இருந்தது. ஆசிரியர் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார். கண்டிக்கத்தக்கது என்ற வரியை அடிக்கோடிட்டுப் பையனுக்குக் காட்டினாராம். பையனும் மறுக்கவில்லையாம்.

2024 ஜூலை முதல் அந்த 505(1)(b), பாரதிய நியாய சன்ஹிதாவில் 353(1)(b) ஆகிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் வழக்குப் பதியும் முன் முதல்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவு இடம் தருகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான வழக்குகளில் அந்த வழியைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் சொன்னது. சொற்களின் விளைவை உறுதியான மனம் கொண்டவர்களை வைத்து அளக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் அஞ்சுகிறவர்களை வைத்து அளக்கக் கூடாது என்றும் சொன்னது. என்னிடம் வரும் இளம் வழக்கறிஞர்களிடம் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கச் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் வந்தால் முதலில் விளிம்புகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

பையனின் வழக்கு முடிந்த பிறகு, அடிபட்ட அந்தப் பெண்ணுக்காக ஏ.ஆர். காப்பியையும் வீடியோவையும் வைத்து ஒரு புகார் கொடுத்தோம். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. 156(3) பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனோம். பணியில் இருந்த அரசு ஊழியர் என்பதால் முன் அனுமதி வேண்டும் என்ற ஆட்சேபணையில் அது நிற்கிறது. உட்கார்ந்திருந்தவரை எச்சரிக்கையில்லாமல் அடிப்பது கடமையின் பகுதி ஆகாது என்று எழுத்துப்பூர்வமான வாதத்தைத் தாக்கல் செய்திருக்கிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார்.