கிணறு எந்தப் பக்கம்

சனிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். என் மகன் அறையிலிருந்து வெளியே வந்து, "அப்பா, உலகத்தோட கனெக்ட் பண்ண முடியலைன்னு அண்ணாவுக்கு வருதாம்" என்றான். ஏதோ இருத்தலியல் நாவலின் முதல் வரி போலிருந்தாலும் சங்கதி எளியது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒருவர் கட்டிவைத்த உலகத்துக்குள் இன்னொருவர் நுழைய இயலாதபோது திரையில் தோன்றும் அறிவிப்பு அது. உலகம் இருப்பது சென்னையில், எங்கள் வீட்டு எக்ஸ்பாக்ஸில். நுழைய முடியாமல் நின்றவன் திருச்சியில் இருக்கும் என் அண்ணன் மகன்.

அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டை 2019இல் விற்றபோது தொடங்கியது. பணத்தைப் பற்றியதென்று ஊரார் நினைத்தார்கள். பணத்தைப் பற்றியும்தான். பையன்கள் இருவரும் வாரந்தோறும் அந்த விளையாட்டில் சந்தித்துக்கொள்வது எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். அந்தப் பிழைச்செய்தியைக் கேட்டவுடன் மனத்தின் ஒரு மூலையில் மெல்லிய நிம்மதி பரவியதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "பெட்டிய அணைச்சுப் போடு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். சரியாகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் அவன் என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

எக்ஸ்பாக்ஸின் பிணைய அமைப்புகளில் ‘நாட்’ வகை என்று ஒன்று காட்டும். திறந்தது, மிதமானது, கண்டிப்பானது என மூன்று நிலைகள். திறந்த நிலையில் உள்ளவர் எவரோடும் சேரலாம். மிதமானவர் தம்மைப் போன்றவரோடும் திறந்தவரோடும் சேரலாம். கண்டிப்பானவர் திறந்தவரோடு மட்டும். எங்கள் வீடு கண்டிப்பானது என்றிருந்தது.

இதன் வேர் முகவரிப் பஞ்சம். இணைய முகவரிக்கு 32 பிட்டுகள் போதும் என்று தொடக்கத்தில் வகுத்தார்கள். அதில் கிடைப்பவை சுமார் 429 கோடி. உலகப் பொதுக்கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. தீரும் என்பதை முன்பே கண்டவர்கள் 1994இல் முன்வைத்த உபாயம்தான் நாட். வெளியுலகுக்கு வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் செல்லப்பெயர்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் வெளியே எவருக்குக் கடிதம் போட்டார்கள் என்று ஏட்டில் குறித்துக்கொண்டு, பதில் வந்தால் மட்டும் உரியவரிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை. நாம் முதலில் அழைக்காத எவர் வந்து தட்டினாலும் அது திறக்காது.

இணையதளங்களைப் பார்க்க இது போதும். ஒரு வீடு இன்னொரு வீட்டின் கதவைத் தட்ட வேண்டிய விளையாட்டில்தான் சிக்கல். நடுவிலிருக்கும் சேவையகம் ஒரு தரகரைப்போல, ஒவ்வொருவரின் முகவரியையும் வாயில் எண்ணையும் மற்றவருக்குச் சொல்லி, இருவரையும் ஒரே நேரத்தில் அழைக்கச் செய்கிறது. கண்டிப்பான பெட்டியோ புதிய ஆளோடு பேச ஒவ்வொரு முறையும் புதிய வாயில் எண்ணைத் தேர்கிறது. தரகர் சொன்ன வாயில் ஒன்று, திறந்திருப்பது வேறொன்று. இருவரும் அழைத்துக்கொண்டே இருப்பார்கள்; இருவர் காதிலும் விழாது.

நிற்க. ரவுட்டரைத் திசைவி என்றுதான் எழுத வேண்டும் என்பது நண்பர் ஒருவரின் கட்சி. நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி.

அந்தப் பெட்டிகள் எங்களிடம் இரண்டு. கண்ணாடியிழைக் கம்பி வந்து சேரும் நிறுவனத்தின் பெட்டி ஒன்று. படுக்கையறைவரை வைஃபை எட்டவில்லை என்று நானாக வாங்கி அதன் பின்னால் மாட்டியது இன்னொன்று. இரண்டுமே தனித்தனியாக ஏடு எழுதிக்கொண்டிருந்தன. ஒரு காவலாளி விட்டவரை அடுத்தவர் தடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ நிலைக்கு மாற்றினேன். கண்டிப்பு மிதமாயிற்று. அண்ணன் வீட்டில் இன்னும் கண்டிப்பு என்றே காட்டுவதாக மகன் சொன்னான். ஆக, மிச்சமுள்ள கோளாறு அவர்கள் பக்கம்தான். இந்த முடிவுக்கு நான் எவ்வளவு சுலபமாக வந்து சேர்ந்தேன் என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

பையன்கள் மூலமே சொல்லியனுப்பியிருக்கலாம். ஆனால் அங்கே ரவுட்டரின் கடவுச்சொல் அண்ணன் பொறுப்பில். நான்கு முறை கைப்பேசியை எடுத்துவைத்து, ஐந்தாவது முறை அழைத்தேன்.

"யாருக்கு என்னாச்சு?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணா. உங்க வீட்டு ரவுட்டர்ல ஒரு நம்பர் பாக்கணும்."

அரை நிமிட மௌனம். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடும் அரவம். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததை எழுத்தெழுத்தாக அவர் மகனுக்குப் படித்துக்காட்டுவது கேட்டது. வெளிமுகவரி என்ன என்று கேட்டேன். "நூறு, புள்ளி, எழுபத்தொண்ணு..." என்று தொடங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் சேவை நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வரிசையாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு. அண்ணன் தம் பெட்டியில் எதைத் திருகினாலும் பயனில்லை. அவர் கதவின் தாழ் அவர் கையில் இல்லை.

"என்ன தப்பு பண்ணிருக்கேன்?" என்றார்.

"உங்க மேல தப்பில்லண்ணா. என் பக்கம்தான் தெறக்கணும்."

என்னால் இயலும். அலுவலக வேலைக்காக மாத வாடகை கொடுத்து நிலையான பொதுமுகவரி ஒன்றை வாங்கிவைத்திருக்கிறேன். கருவிகள் தாமாகவே கேட்டுக் கதவைத் திறந்துகொள்ளும் யு.பி.என்.பி. என்ற வசதியைப் பாதுகாப்பு கருதி நானே பல ஆண்டுகளுக்கு முன் மூடியிருந்தேன். அந்த அச்சம் நியாயமானதே. நச்சுநிரலும் அதே வழியில் கதவைத் திறந்துகொள்ள முடியும். ஆகவே அதைத் தொடாமல், எக்ஸ்பாக்ஸுக்கு மாறாத உள்முகவரி ஒன்றைக் கொடுத்து, யு.டி.பி. 3074 என்ற ஒற்றை வாயிலை மட்டும் அதற்கு நேராகத் திருப்பிவிட்டேன். பெட்டி அணைந்து மீண்டும் எழ மூன்று நிமிடம் பிடிக்கும். அண்ணன் தொடர்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.

"அவளுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"தேவலாம்."

"பச்சை லைட் வந்துச்சா?"

"இன்னும் ஆரஞ்சுலயே நிக்குதுண்ணா."

பச்சை வந்தது. திறந்தது என்று காட்டியது. மகன் ஹெட்போனை அவசரமாக மாட்டிக்கொண்டான். அவர்கள் கட்டிய உலகத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். ஓட்டுக்கூரை, திண்ணை, முற்றம், பின்னால் கொல்லை. பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு ஆறு மாதமாகக் கட்டுகிறார்களாம். சதுரக் கட்டிகளாலான சின்ன உருவம் ஒன்று எங்கிருந்தோ தோன்றித் திண்ணையருகே வந்து இரண்டு முறை குதித்தது.

திருச்சியில் தம் மகனின் தோளுக்குப் பின்னால் அண்ணனும் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "கெணத்த எடம் மாத்தித் தோண்டிருக்கான்டா ஒன் புள்ள. மேக்கால இருக்கணும்" என்றார்.

கிணறு கொல்லையின் கிழக்கு மூலையில்தான் இருந்தது என்பது என் நினைவு. வீட்டுப் பத்திரத்தின் நகலோடு ஒரு வரைபடம் உண்டு. அது அண்ணனிடம் இருக்கிறது. தேடி எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.