எங்க ஸ்கூலும் என் பெஞ்சுக்காரனும்

பி.காம் கடைசி செமஸ்டர். இன்னும் ரெண்டு பேப்பர் எழுதிட்டா நானும் பட்டதாரி (அரியர் எதுவும் விழலைன்னா). சுத்தி எல்லாரும் காலேஜ் ஞாபகங்களைப் பத்தி உருகிட்டிருக்காங்க. எனக்கு என்னவோ ஸ்கூல்தான் ஞாபகத்துக்கு வருது.

நான் படிச்சது ஒரு இன்க்ளூசிவ் ஸ்கூல். அரசாங்கத் தமிழ்ல 'உள்ளடக்கிய கல்வி'. பார்வை இல்லாதவங்க, காது கேக்காதவங்க, வீல்சேர்ல வர்றவங்க, என்னை மாதிரி சும்மா வர்றவங்க... எல்லாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே டீச்சர், ஒரே திட்டு. இதைச் சொன்னா காலேஜ்ல உடனே "அப்போ உனக்கு இரக்க குணம் ஜாஸ்தி"ம்பாங்க. எல்.கே.ஜி.யிலிருந்து பக்கத்துல உக்காந்து டிபன் பாக்ஸுக்குச் சண்டை போட்டவன் மேல எங்கேர்ந்துங்க இரக்கம் வரும்?

என் பெஞ்சுக்காரனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கணக்குப் போட டெய்லர் ஃப்ரேம்னு ஒரு பலகை வெச்சிருந்தான். அது முழுக்க எட்டு மூலை ஓட்டைகள். அதுல சின்னச் சின்ன உலோகக் கட்டைகளைச் சொருகணும். கட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அதுதான் எண். பலகை கவுந்துச்சுன்னா போச்சு, மொத்த வகுப்பும் தரையில தேடும். பிரெய்லி இன்னும் வேடிக்கை. ஸ்லேட்டுல பேப்பரை மாட்டி வலமிருந்து இடமா குத்திக்கிட்டே போகணும், அப்புறம் திருப்பி இடமிருந்து வலமா தடவிப் படிக்கணும். நானும் கத்துக்கிட்டேன். பாடம் நடக்கும்போது அரட்டை அடிக்க வேற வழி? கிளாஸ் டீச்சருக்குப் பிரெய்லி தெரியாது :)

பி.டி. பீரியட்ல கிரிக்கெட். பந்துக்குள்ள சின்ன இரும்புக் குண்டுகள் சலசலக்கும், கையைத் தூக்காம உருட்டித்தான் போடணும். முழுசா பார்வை இல்லாதவங்க அடிக்கிற ரன் ரெண்டு மடங்கு. ஏதோ நாங்களா குடுத்த சலுகைன்னு நினைக்காதீங்க, பார்வையற்றோர் கிரிக்கெட்டோட நிஜ விதியே அதுதான்.

பதினொண்ணாவதுல ரெண்டு பேரும் காமர்ஸ் எடுத்தோம். அக்கவுண்ட்ஸ் மிஸ் ஒரு அட்டையில தடிமனான நூலை 'டி' வடிவத்துல ஒட்டிக் குடுத்தாங்க. இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஒரு வாரம்தான் அதைத் தடவிட்டிருந்தான். அப்புறம் எல்லாம் தலைக்குள்ளயே. வகுப்புல யாருக்காவது இருப்பாய்வு டேலி ஆகலைன்னா நேரா அவன்கிட்டதான் வருவாங்க. "எவ்வளவு இடிக்குது? 900ஆ? 9ஆல வகுபடுது, அப்போ எங்கயோ எண்ணை இடம் மாத்தி எழுதியிருக்கே. 5,400 இருக்கா பாரு"ம்பான். இருக்கும்!

பன்னெண்டாவது பரீட்சையில அவன் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினாங்க. மூணு மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். கோடு போடுறதுலேர்ந்து எந்தத் தொகை எந்தக் கட்டத்துலங்கிறது வரைக்கும் வாயாலேயே சொல்லணும். நீங்க ஒரு ஐந்தொகையை அப்படிச் சொல்லிப் பாருங்க, தெரியும். அக்கவுண்ட்ஸ்ல அவன் என்னைவிட அதிகம்.

அதுக்கப்புறம்தான் காலேஜ் அட்மிஷன். ஒரு காலேஜ் கவுண்டர்ல (பேர் வேண்டாம்) "இது கட்டம் போட்டு எழுதுற பாடம், உனக்குக் கஷ்டம் தம்பி. ஹிஸ்டரி எடுத்துக்கோயேன்"னாங்க. ரொம்ப அன்பாத்தான் சொன்னாங்க. அதுதான் கொடுமை, திட்டியிருந்தா பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல 5 சதவீத இடமாவது ஒதுக்கணும்னு சொல்லுது. அவங்க பயந்த கட்டத்துக்கும் வழி இருக்கு. என்விடிஏன்னு ஒரு திரை வாசிப்பான், 2006லேர்ந்து இருக்கு, இலவசம். எக்செல்ல எந்தக் கட்டத்துல நிக்கிறோம், அதுல என்ன எண்ணு, எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லும். இதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியலை. இன்னும் ரெண்டு காலேஜ் ஏறி இறங்கின பிறகு அவங்கப்பா அலுத்துட்டார். பையன் பி.ஏ. ஹிஸ்டரி.

என் காலேஜ்ல காமர்ஸ் வகுப்பு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூணு வருஷத்துல அந்தப் படிக்கட்டைப் பத்தி ஒருத்தர் கூடப் பேசிக் கேட்டதில்லை. ஏறி வர்றவங்களுக்கு அது படிக்கட்டு, அவ்வளவுதான். ஏற முடியாதவங்க கிளாஸ்ல இல்லவே இல்லையே, அப்புறம் யார் பேசுவாங்க? எனக்குப் போர்டுல எழுதுறதை மெல்ல வாய்விட்டுப் படிக்கிற பழக்கம், பன்னெண்டு வருஷமா பக்கத்துல இருந்தவனுக்காகப் படிச்சுப் படிச்சு வந்தது. முதல் வாரமே "யார்ப்பா அங்க முணுமுணுக்கிறது?"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

போன மாசம் போன் பண்ணினான். சி.ஏ. இன்டர்ல நேரடியாச் சேர வழி இருக்காம். காமர்ஸ் படிச்சவங்களுக்கு 55 சதவீதம், மத்தவங்களுக்கு 60. அஞ்சு செமஸ்டர் முடிஞ்சு அவனுக்கு 60ஐத் தாண்டியே இருக்கு. என்னோட காஸ்டிங் நோட்ஸ் வேணும்னான். ஸ்கேன் பண்ணி அனுப்பினா வெறும் படம்தான், திரை வாசிப்பான் படிக்காது. எழுத்தா மாத்துற மென்பொருள் இருக்கேன்னா, என் கையெழுத்துக்கிட்ட அதுவும் தோத்துடும். அதனால உக்காந்து டைப் பண்ணிட்டிருக்கேன். மூணு பாடம் முடிஞ்சது, ப்ராசஸ் காஸ்டிங் பாக்கி.