அம்மா சத்தியமா நான் இல்லடா

அமாங் அஸ் ஆட்டத்தில் பொய் சொல்வதுதான் வேலையே. ரகசியக் கொலைகாரனான இம்போஸ்டர் சுவரோரம் நின்று ஒயர் இணைப்பதுபோல் நடிப்பான். திரையின் மேலே, முடிந்த வேலைகளைக் காட்டும் டாஸ்க் பட்டை மட்டும் ஏறாது. அதைக் கவனித்துப் பிடிக்க எல்லோருக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் அந்த ஏமாற்று வேலை என்னை உறுத்தாது, ரசிக்கவே செய்கிறேன்.

ஆனால் யாரை வெளியேற்றுவது என்ற ஓட்டெடுப்பு நேரத்தில் "அம்மா சத்தியமா நான் இல்லடா" என்று ஒருவன் சொன்னால் மனசு கசந்துவிடுகிறது. அதுவரை அவனுடைய பச்சை நிறப் பொம்மையோடு வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போது நண்பனாக வந்து நம்பச் சொல்கிறான். ஆட்டத்தில் செத்தவன் வாட்ஸ்அப்பில் கொலைகாரன் பேரை அனுப்புவதும் இதே கணக்குதான்.

2003-இல் வந்த ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டில், ஆட்டத்துக்குள் நடக்கும் மோசடி பலவற்றை நிறுவனமே அனுமதிக்கிறது. ஆடுபவர்கள் அது தெரிந்துதான் உள்ளே போகிறார்கள். நண்பர்களோடு ஆடும்போது, நட்பை வைத்து ஏமாற்றலாம் என்று யாரும் ஒப்புக்கொண்டு வருவதில்லை. அதனால், சத்தியம் கேட்கவும் கூடாது, செய்யவும் கூடாது என்று எங்கள் குழுவில் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.