வெள்ளெழுத்தும் நாலு சங்கீதங்களும்

எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு கீர்த்தனை பாடி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, ஜெபம் செய்வோம். வாசிப்பது நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வேலை. போன வருஷம் அந்த வேலையில்தான் நான் திருட்டுத்தனம் பண்ணினேன்.

முதலில் அரிசியில் கல் தப்பியது. ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பிறகு வேதத்தின் பொடி எழுத்துக்கள் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டன. பல்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன்; அவர் புது பல்பு வாங்கி மாட்டினார். எறும்பு எறும்பாகவே இருந்தது. கண்ணாடி போட்டால் கிழவி என்று ஆகிவிடுமே என்று ஓர் அசட்டு நினைப்பு எனக்கு. அதனால் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணிய சங்கீதங்களை வாசிக்கிற மாதிரி ஒப்பித்தேன். 23, 91, 103, மலைகளைப் பார்த்துப் பாடுகிற 121. இந்த நாலுதான். நாலைந்து மாசம் ஓடியது. என் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கவில்லை. ஜெப நேரத்தில் கண்ணை மூடினால் அவர் எங்கே இருப்பாரோ!

என் மாமியார் ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, நம்ம வேதத்துல மொத்தமே நாலு சங்கீதந்தானா?"

அழுதுவிட்டேன். ஜெபத்திலேயே பொய் சொல்லியிருக்கிறேனே! அத்தை திட்டவில்லை. "எனக்கு எழுத்தே தெரியாது. நான் வெட்கப்பட்டேனா? உனக்கு எழுத்து மங்கினதுக்குப் போய் இத்தனை வேஷமா?" என்றார்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப் போய், கிட்டத்துப் பொருளுக்கு வளைந்து கொடுக்காதாம். அதுதான் வெள்ளெழுத்து. எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெட்டுப் போகும் என்று நாம் பேசிக்கொள்வது தப்பு என்றார். கடையில் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, கண் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சகோதரிகளே, இதைத் தள்ளிப் போடாதீர்கள். எங்கள் ஆலங்காயத்துக்கு மேலே காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் ஆடி வைத்த தொலைநோக்கி நட்சத்திரம் பார்க்கிறது. அடிவாரத்தில் இருந்த எனக்குக் கைக்கெட்டின புஸ்தகம் தெரியவில்லை.

கண்ணாடி வந்ததும் பசி வந்தது போல வாசித்தேன். கீர்த்தனைப் புத்தகத்தைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்தபோதுதான், அத்தை மனப்பாடமாகப் பாடுகிறவற்றில் பல தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவை என்று கவனித்தேன். 1774-இல் பிறந்தவர், சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். எழுத்தறியாத அத்தை ராகம் தாளம் பிசகாமல் பாட, புஸ்தகத்தோடு நான் தப்புகிறேன்.

கிருஷ்ணப் பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' எடுத்தேன். 1894-இல் வந்த பெரிய காவியம். பள்ளிக்கூடத்தோடு நின்ற என் தமிழுக்கு ஒரு பாட்டுக்கே கால் மணி நேரம் பிடிக்கிறது. அதனால் அதற்கு மூலமான ஜான் பனியன் கதையையே வசனத்தில் 'மோட்சப் பிரயாணம்' என்று வாங்கி, ராத்திரி ஜெபம் முடிந்ததும் அத்தைக்கு இரண்டு பக்கம் வாசிக்கிறேன். பனியன் இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர், பிரசங்கம் செய்ததற்காக ஜெயிலில் கிடந்தவர், புஸ்தகம் 1678-இல் வந்தது என்றேன். அத்தைக்குப் பாத்திரம் அடைத்ததுதான் பிடித்தது. "அதான் இத்தனை நல்லா சொல்றார். நாலு வீட்டு அடுப்பங்கரை பார்த்தவர் ஆச்சே."

கிறிஸ்தியானின் முதுகு மூட்டை சிலுவையடியில் கழன்று விழுகிற இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை என் கண்ணாடி நனைந்துவிட்டது. இப்போது அவனும் அவன் தோழனும் ராட்சதனின் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். நேற்று அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. தப்பிப்பார்களா என்று காலையில் நான் தோசை வார்க்கும்போதே அத்தை அடுப்பங்கரைக்கு வந்து நின்றார், கையில் என் கண்ணாடியோடு.