சொல் திறந்த கண்

காஞ்சியில் நெசவாளர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். தறியிலிருந்த சேலையை 'நீலம்' என்றோம். "மயில்கழுத்து ஐயா" என்றார் அவ்வீட்டுப் பிள்ளையாகிய நம் மாணவர். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடுவதைக் காட்டினார். அதன்பின்னரே இரு நிறமும் நமக்குப் புலனாயின. உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடைகளால் பிணைக்கும் 'கோர்வை'யையும் விளக்கினார். அவர்தம் கட்டுரையில் அச்சொல்லைப் பிழையெனக் கருதிக் 'கோவை' என்று திருத்தியவர் நாமே! சொல்லறியாமை கண்ணையும் கட்டிவிடுகிறது.

எனினும் சொல் சிறை மட்டுமன்று. சமணர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே நம் தொழுகையிடத்திற்கும் பெயராயிற்று. பழஞ்சொல் விரிந்து புதியதற்கு இடமளித்தது. மறுநாள் அம்மாணவரிடம் பிழை நம்முடையதென்று கூறி, குறைத்த மதிப்பெண்ணை அளித்தோம்.